சயனைட் மேடுகளுக்குச் சாட்சி யார்?

புது தில்லி: 2001 பிப்ரவரி 28-ம் தேதி காலை, மக்களவையில் நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா பட்ஜெட் உரையை வாசித்தார். அதே தேதியில்தான் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், மத்திய அரசுக்குச் சொந்தமான பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. பட்ஜெட் நாளில் தலைநகரின் கவனம் வேறு எதன் மீதும் திரும்புவதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கடியில் இறங்கிய தமிழ்க் குடும்பங்கள் வேலையிழந்த செய்தி, வரிச் சலுகைகளுக்கும் விலைப் பட்டியல்களுக்கும் நடுவே அமுங்கிப் போனது.

தொழிலாளர்களின் நிலுவைத் தொகை பற்றியும், நிறுவனத்தின் சொத்துகளை யாருக்கு விற்பது என்பது பற்றியும் அதன் பிறகு நாடாளுமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் நிறையப் பேசப்பட்டது. உலகளாவிய டெண்டர் விடலாம் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால், மூடப்பட்ட சுரங்கம் தரைக்கு மேலே விட்டுச் சென்ற ஒன்றைப் பற்றி எவரும் முறையாகக் கணக்கெழுதவில்லை. ஊருக்கு நடுவிலும் ஓரத்திலுமாக நிற்கும் 13 கழிவு மண்மேடுகள்தான் அவை. தங்கவயல் மக்கள் "சயனைட் மலை" என்று சொல்வது இவற்றைத்தான்.

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் இங்கு பணியைத் தொடங்கியது முதல் 2001 வரை ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. அந்தத் தங்கத்துக்காக உடைத்து மேலே கொண்டுவரப்பட்ட பாறையின் அளவோ கோடிக்கணக்கான டன்கள். பாறையை மாவாக அரைத்து, சோடியம் சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்துப் பிரித்த பிறகு மிஞ்சிய சேற்றை வெளியே கொட்டினார்கள். அது காய்ந்து மேடானது. மேட்டின் மீது மீண்டும் கொட்டினார்கள். இப்படிச் சேர்ந்த கழிவு சுமார் 3.3 கோடி டன் என்று மதிப்பிடப்படுகிறது.

பெயரில் சயனைடு இருந்தாலும் இன்றைய கவலை அது மட்டுமல்ல. வெயிலும் காற்றும் பட்டால் சயனைடின் பெரும்பகுதி நாளடைவில் சிதைந்துவிடும். பாறையோடு வந்த கன உலோகங்களும் கந்தகச் சேர்மங்களும் அவ்வாறு மறைந்துவிடுவதில்லை. மாவைவிட நுண்ணிய கண்ணாடிக்கல் தூசியும் அப்படியே கிடக்கிறது. காற்றுக் காலத்தில் அது வீடுகளுக்குள் வருகிறது. மழைக்காலத்தில் மேட்டின் சரிவுகளைப் பள்ளம் பள்ளமாக அரித்துக்கொண்டு கீழே உள்ள நிலத்துக்கும் நீர்நிலைக்கும் செல்கிறது.

இந்த மேடுகளுக்கு இப்போது புதிய மதிப்பு வந்துள்ளது. பழைய கழிவில் ஒரு டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கமே எஞ்சியிருந்தாலும், தங்கத்தின் இன்றைய விலையில் அது லாபகரமானது என்று கணக்கிடப்படுகிறது. 13 மேடுகள் அமைந்துள்ள சுமார் 1,003 ஏக்கரில் மேற்பரப்புச் சுரங்கப் பணியை மேற்கொள்ளும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வேலைவாய்ப்பு வரும் என்று சொல்லப்பட்டது. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூரு சென்று இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானோர் வாழும் ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் வலிமையைத் தில்லியில் இருந்துகொண்டு எவரும் குறைத்து மதிப்பிட முடியாது.

மேடுகளைக் கலைத்து அகற்றுவது நன்மையாகவும் முடியலாம், பெருந்தீமையாகவும் முடியலாம். எது நடந்தது என்பதை நாளை எதை வைத்து முடிவு செய்வது? பணி தொடங்குவதற்கு முன்பு அந்த மேடும், அதன் அடிவாரமும், அருகில் உள்ள ஏரியும், கிணறும், வீட்டுச் சுவரும் எப்படி இருந்தன என்பதற்குத் தேதியிட்ட, இடம் குறித்த புகைப்படப் பதிவு பொதுமக்கள் கையில் இருக்க வேண்டும். அத்தகைய பதிவை முன்நிபந்தனையாக்காமல் ஒரு லாரி மண்ணைக்கூட அள்ள அனுமதிக்கக் கூடாது.

சயனைட் மேடுகளின் புகைப்படங்களுக்கா பஞ்சம் என்று கேட்கலாம். உண்மைதான். ஆங்கிலேயர் காலத்துப் படங்கள் ஏராளமாக உள்ளன. உயர்ந்து நிற்கும் சுரங்கக் கோபுரங்கள், ஆலைகள், அதிகாரிகளின் பங்களாக்கள், கிளப் கட்டடம் என்று நிறுவனம் பெருமைப்பட்டுக்கொள்ளும் பொருள்களே அவற்றில் நடுநாயகமாக இருக்கும். 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தது அந்நாளில் உலகமே வியந்த சாதனை. அதைப் படம் பிடித்தார்கள். கழிவு கொட்டப்பட்ட நிலம் சாதனைப் பட்டியலில் இல்லாததால் அதைத் தேடிப் படம் பிடிக்க வேண்டிய தேவை யாருக்கும் எழவில்லை.

அடுத்து வந்தது சினிமா. பாலைவனம் போல் பரந்து, மாலை வெயிலில் மஞ்சளும் சாம்பலுமாக மின்னும் இந்த மேடுகள் படப்பிடிப்புக் குழுவினருக்கு மிகவும் பிடித்துப்போயின. 2018-லும் 2022-லும் வெளிவந்த "கேஜிஎஃப்" படங்களால் ஊரின் பெயர் நாடெங்கும் பரவியது. 2019 ஆகஸ்டில், இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பால் சயனைட் மேட்டின் சுற்றுச்சூழல் கெடுகிறது என்று தொடரப்பட்ட வழக்கில் நீதிமன்றம் படப்பிடிப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. நூறாண்டுக்கும் மேலாகக் கொட்டப்பட்ட கழிவு மலையின் சூழலைக் காக்க, ஒரு சினிமா அரங்கம் வழக்குக்குக் காரணமாக அமைந்தது விந்தைதான். இப்போது திருமண ஜோடிகளும் அங்கு சென்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அபாயப் பொருள் அழகாக இருக்கிறது. அருகில் எச்சரிக்கை செய்ய யாரும் இல்லை.

அழகு என்பது இத்துறையில் உலகெங்கும் உள்ள சிக்கல். கனடாவின் சட்பரி நகருக்கு அருகே நிக்கல் கழிவு கலந்து செக்கச் செவேலென ஓடும் நீரை 1996-ல் எட்வர்ட் பர்ட்டின்ஸ்கி எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றவை. முதலில் பார்ப்பவருக்கு அது எரிமலைக் குழம்போ என்று தோன்றும், கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்தப் படத்தின் கீழ் இடமும், ஆண்டும், ஓடுவது இன்ன கழிவு என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வரிதான் அதை ஓவியத்திலிருந்து பிரித்து ஆவணமாக்குகிறது. சயனைட் மேட்டில் எடுக்கப்பட்டு உலவும் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஒரு வரி கிடையாது.

தங்கவயலில் ஒரே ஒரு வகைப் படம் மட்டும் அதிகாரத்தை அசைத்திருக்கிறது. அது எக்ஸ்ரே. சுரங்கத்துக்குள் பாறைத் தூசியைச் சுவாசித்தவர்களின் நுரையீரல் இறுகிப்போகும் சிலிகோசிஸ் நோயைப் பணி விவரத்தோடு மார்பு எக்ஸ்ரேயையும் வைத்தே உறுதி செய்கிறார்கள். 1940-களில் கோலார் சுரங்கங்களில் 7,653 தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் அந்நோய் இருப்பது தெரியவந்தது. இந்தியத் தொழில்நோய் மருத்துவ வரலாற்றில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு அது. அதற்கு முன்பும் தொழிலாளர்கள் இருமினார்கள், இளைத்தார்கள், இறந்தார்கள். காசநோய் என்றோ, குடிப்பழக்கம் என்றோ சொல்லித் தட்டிக்கழிப்பது எளிது. பெயரும் தேதியும் எழுதப்பட்ட எக்ஸ்ரே தகடு மேஜை மீது வைக்கப்பட்ட பிறகு அவ்வாறு தட்டிக்கழிப்பது கடினமாயிற்று. மனித உடலுக்குச் செய்யப்பட்ட இந்தப் பதிவு, அந்த உடல்கள் வாழ்ந்த மண்ணுக்குச் செய்யப்படவில்லை.

அதே ஊரில் இன்னொரு வியப்பும் உண்டு. 1965-ல் தங்கவயல் சுரங்கத்தில், தரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, விண்ணிலிருந்து வரும் கதிர்களால் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகள்களின் தடயத்தை விஞ்ஞானிகள் பதிவு செய்தனர். கண்ணுக்கும் கருவிக்கும் சிக்காத துகளைப் பிடிக்க அங்கு இடமும் பணமும் பொறுமையும் இருந்தன. மேலே, ஜன்னல் விளிம்பில் விரலால் கோடு போடும் அளவுக்குப் படியும் தூசியைப் பற்றி ஆண்டுவாரியாக ஒரு சாதாரணக் குடிமகன் புரட்டிப் பார்க்கக்கூடிய பதிவேடு கிடைப்பது அரிது.

போபால் நினைவுக்கு வருவது இயல்பு. 1984 டிசம்பரில் புதைக்கப்பட்ட பெயர் தெரியாத குழந்தையின் முகத்தை ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியூவும் எடுத்த படங்கள் உலகின் மனசாட்சியை உலுக்கின. அந்தப் படங்களுக்கு ஈடு இல்லை. ஆனால் அதே ஆலை வளாகத்தில் கிடந்த நச்சுக் கழிவுக்கு அப்படியொரு படம் வாய்க்கவில்லை. சாக்கு மூட்டைகளின் படத்தைப் பார்த்து யாரும் கண்ணீர் விடுவதில்லை. அங்கிருந்து சுமார் 337 டன் கழிவை பீதாம்பூருக்கு லாரிகளில் ஏற்றிச் செல்ல 2025 ஜனவரி வரை, அதாவது 40 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. கோலாரின் கதை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஒரே இரவில் எதுவும் நடக்கவில்லை. மெல்ல மெல்ல நடந்ததை ஒரே படத்தில் காட்ட முடியாது. ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், ஆண்டுக்கணக்கில் எடுத்த படங்களை வரிசையாக வைத்தால்தான் காட்ட முடியும்.

தங்கவயல் மூடப்பட்ட ஏழாம் நாள், 2001 மார்ச் 7-ல், கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் உள்ள பழைய பொருள் கிடங்கில் பாதரசம் படிந்த தெர்மாமீட்டர் கண்ணாடித் துண்டுகள் குவிந்து கிடந்ததை உள்ளூர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளிப்படுத்தினர். எந்த இடம், எந்த நாள், எந்தப் பொருள் என்பது படங்களோடு வெளிவந்ததால் மறுக்க வழியில்லாமல் போயிற்று. அம்மாதமே ஹிந்துஸ்தான் லீவரின் அந்த ஆலை இயக்கத்தை நிறுத்தியது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு காண 2016 வரை ஆயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். படம் கதவைத் திறக்கும். உள்ளே போய் வாதாடும் வேலையை அது செய்யாது.

பழைய மேடுகளைக் கலைத்துத் தங்கம் எடுப்பதில் உள்ள ஆபத்தை அறிய ருமேனியாவின் பாயா மாரே நகரைப் பார்த்தால் போதும். அங்கும் நகரை ஒட்டிப் பழைய சுரங்கக் கழிவு மேடு இருந்தது. தூசி தொல்லை இருந்தது. கழிவை எடுத்துச் சென்று மீண்டும் சயனைடு கரைசலில் தங்கம் பிரித்தால் வருமானமும் வரும், நகரமும் தூய்மையாகும் என்றுதான் திட்டம் தீட்டப்பட்டது. 2000 ஜனவரி 30-ம் தேதி இரவு புதிய கழிவுக் குளத்தின் கரை உடைந்தது. சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் நச்சு நீர் ஆறுகளில் பாய்ந்து, திசா வழியாக தன்யூப் நதி வரை சென்றது. ஆயிரம் டன்னுக்கு மேல் மீன்கள் மடிந்ததாக ஹங்கேரி கூறியது. பாதிப்பு மிகைப்படுத்தப்படுகிறது என்றது நிறுவனத் தரப்பு. ஆற்றங்கரையில் குவிந்து கிடந்த மீன்களின் படங்கள் அதற்கு முன்பே உலகைச் சுற்றி வந்துவிட்டன. சுரங்கக் கழிவுகளுக்கெனத் தனிச் சட்ட நெறியை ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் கொண்டுவந்தது.

கோலாரில் அப்படி நடக்கும் என்று யாரும் ஆரூடம் சொல்லத் தேவையில்லை. எந்த முறையில் தங்கம் பிரிக்கப்படும், மறுமுறை மிஞ்சும் கழிவு எங்கே கொட்டப்படும் என்ற இரண்டு கேள்விகளுக்கான விடையை, மேட்டின் நிழலில் குடியிருப்பவர்கள் பணி தொடங்கும் முன்பே அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த உதாரணம். பாலாறு இந்த மாவட்டத்தின் வழியாகத்தான் ஆந்திரத்துக்கும் தமிழகத்துக்கும் செல்கிறது. தங்கவயல் பல்லாண்டுகள் குடித்ததே அந்த ஆற்றின் பேத்தமங்கலம் ஏரி நீரைத்தான். கீழே வேலூர் மாவட்டத்தில் தோல் பதனிடும் ஆலைகள் அதே ஆற்றை என்ன செய்தன என்பது 1996-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 2025 ஜனவரியிலும் அதே பிரச்னைக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

செயற்கைக்கோள் படம் இருக்கும்போது தரையில் நின்று எடுக்கும் படம் எதற்கு என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். லாண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972-ல் ஏவப்பட்டது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானதும் அதே ஆண்டில்தான். ஆகவே அந்த நிறுவனத்தின் முழு ஆயுளும் வானிலிருந்து பதிவாகியிருக்க வாய்ப்பு உண்டு. பெல்லாரி இரும்புத் தாது வழக்கில் குத்தகை எல்லை தாண்டிய தோண்டலைக் கண்டறிய வான்வழிப் படங்கள் உதவியதை கர்நாடகம் நன்கறியும். மேடு எவ்வளவு பரவியது என்பதை அவை சொல்லும். ஆனால் லாண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டர் அகலம். வாய்க்காலில் படிந்த சேற்றின் நிறமும், கிணற்றடியில் வெள்ளையாகப் பூத்த உப்பும், முளைத்த மறு வாரமே கருகிய பயிரும் அந்தப் புள்ளிக்குள் கரைந்துவிடும். அவற்றைக் காண, மனிதன் அங்கு போய் நிற்க வேண்டும்.

படத்தில் ஆர்செனிக் தெரியாது என்ற மறுப்பும் நியாயமானதே. மண்ணையும் நீரையும் ஆய்வகத்தில் சோதித்துத்தான் நச்சின் அளவை அறிய முடியும். எந்த இடத்து மண்ணை, எந்த மாதத்தில் எடுத்துச் சோதிப்பது என்பதைக் காட்டுவது படத்தின் வேலை. மேட்டிலிருந்து தொலைவில், மழை பெய்து கழுவிய பிறகு மாதிரி எடுத்து, "வரம்புக்குள் உள்ளது" என்று அறிக்கை எழுதும் வழக்கம் இந்நாட்டுக்குப் புதிதல்ல. சுற்றுச்சூழல் அனுமதிக்கும் அதற்குப் பிந்தைய கண்காணிப்புக்கும் இடையிலான இடைவெளியை மத்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் தமது 2016-ம் ஆண்டின் 39-வது அறிக்கையில் விரிவாகவே எடுத்துரைத்திருக்கிறார்.

சட்டமும் தேதியைத்தான் முதலில் கேட்கிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-ன்படி சுற்றுச்சூழல் தொடர்பான வழக்கைப் பிரச்னைக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் தொடர வேண்டும். இழப்பீடு கோர ஐந்து ஆண்டுகள். அந்த "முதல் நாள்" எது என்று ஏழை மனுதாரர் எதைக் காட்டி நிரூபிப்பார்? 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டம், மின்னணுப் படத்தைச் சாட்சியமாக ஏற்க அதற்கான சான்றிதழையும் படம் திருத்தப்படவில்லை என்பதைக் காட்டும் எண் அடையாளத்தையும் கேட்கிறது. கையில் உள்ள செல்போனில் நூறு படம் இருந்தும், ஒன்றுகூட நீதிமன்றப் படியேறாமல் போகக்கூடும். நிறுவனத்துக்கு வழக்கறிஞர் படை உண்டு. லைன் வீட்டில் வசிப்பவருக்கு இந்த நுணுக்கத்தை யார் சொல்லித் தருவது?

இதற்குச் சுரங்க அமைச்சகமும் சுற்றுச்சூழல் அமைச்சகமும் செய்ய வேண்டியது பெரும் செலவு பிடிக்கும் காரியம் அல்ல. ஒவ்வொரு மேட்டைச் சுற்றியும் நிலையான சில இடங்களில் எண்ணிட்ட கல் நட வேண்டும். அந்தக் கல்லின் மேல் கேமராவை வைத்து, குறித்த திசையில், மாதம் ஒருமுறை படம் எடுக்க வேண்டும். அளவு தெரிய ஒரு கோல் படத்துக்குள் நிற்க வேண்டும். பணி தொடங்குவதற்கு முன்பு குறைந்தது ஓராண்டு, அதாவது ஒரு காற்றுக் காலமும் ஒரு மழைக்காலமும், இப்படிப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தந்த இடத்து மண், நீர்ச் சோதனை முடிவும் படத்தோடு சேர்த்து வெளியிடப்பட வேண்டும். சுரங்க உரிமம் பெற்றவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை அளிப்பது ஏற்கெனவே கட்டாயம். தோண்டி முடித்த நிலத்தில் புல் வளர்த்துத் தர வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. புல் வளர்ந்ததா என்பதற்கு அறிக்கையில் உள்ள வாக்கியத்தைவிட, அதே கல்லின் மேலிருந்து எடுத்த படம் நம்பகமானது.

பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்திலும் இந்தப் படங்கள் வைக்கப்பட வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் ஊரில், ஆங்கிலத்தில் தயாரான பல நூறு பக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தை மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று கருதப்படுகிறது. சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்து, "இந்த வாய்க்கால் இப்போது இப்படி இல்லை" என்று சொல்ல எழுதப் படிக்கத் தெரிந்திருக்கத் தேவையில்லை.

மனிதர்களைப் படம் பிடிப்பதில் மட்டும் தனிக் கவனம் தேவை. ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசத்தால் முடங்கிய மகளைத் தாய் குளிப்பாட்டும் காட்சியை 1971-ல் யூஜின் ஸ்மித் எடுத்தார். தொழிற்சாலைக் கழிவு மனிதனை என்ன செய்யும் என்பதை உலகுக்கு உணர்த்திய படம் அது. பின்னாளில், மகள் இறந்து பல ஆண்டுகள் கழிந்தும் அந்தப் படம் எங்கும் காட்டப்படுவதைப் பெற்றோர் தாங்கமாட்டாமல் வருந்த, உரிமை வைத்திருந்த ஐலீன் ஸ்மித் 1998-ல் அதைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார். மூச்சுத் திணறும் முன்னாள் சுரங்கத் தொழிலாளியின் முகத்தைத் தேடித் தங்கவயலுக்கு வரும் கேமராக்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. இங்கு முதலில் படம் பிடிக்க வேண்டியது மேட்டையும் வாய்க்காலையும். அவற்றுக்கு வெட்கமும் இல்லை, வேதனையும் இல்லை.

நாடாளுமன்றத்தில் நிலக்கரி, சுரங்கம், எஃகுத் துறைகளுக்கான நிலைக்குழு உள்ளது. கோலார் கழிவு மேடுகள் பற்றிய பதில்கள் இதுவரை டன்னிலும் ஏக்கரிலும் கோடி ரூபாயிலுமே பேசப்பட்டு வந்திருக்கின்றன. உரிமம் வழங்குவதற்கு முந்தைய ஓராண்டுப் படப் பதிவைக் குழுவின் முன் வைக்குமாறு இரு அமைச்சகங்களையும் உறுப்பினர்கள் கேட்கலாம். கேட்பதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. படங்களின் ஒரு தொகுப்பு தில்லியில் இருக்கட்டும். இன்னொரு தொகுப்பு ராபர்ட்சன்பேட்டையில், பள்ளிப் பிள்ளைகளும் முன்னாள் தொழிலாளர்களும் எந்த நாளிலும் சென்று பார்க்கும்படி ஒரு பொது நூலகத்தில் வைக்கப்பட வேண்டும். முதல் கல்லை எந்தச் சரிவில் நடுவது என்று முடிவு செய்யும் நாளில், தூசி எந்தத் தெருவுக்கு முதலில் வரும் என்று அறிந்த அந்த ஊர்க்காரர்களை உடன் அழைத்துக்கொள்ள வேண்டும்.